தேசிய தினத்துக்கு ஒரு தமிழ்ப் பாட்டு செய்யப் போய் நான் பட்ட பாடு

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் இங்கே சிங்கப்பூரில், பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒரு பெண் மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்து, "அக்கா, இந்த வருஷம் தேசிய தினத்துக்கு எங்க பிள்ளைங்களுக்கு ஒரு புதுத் தமிழ்ப் பாட்டு செய்யலாம்னு இருக்கேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். போன வருஷம் இதே வேலையில் என் கையிலிருந்து போனது 1,570 வெள்ளி (டாலர்), ஆறு நாள் ஆண்டு விடுப்பு, அதோடு ஐந்து மாதத் தூக்கம். முன்கூட்டியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

2025 பிப்ரவரியில் எங்கள் வட்டாரத் தொண்டூழியர் கூட்டம் நடந்தது. நாடு சுதந்திரம் பெற்று 60 ஆண்டு நிறைகிற வருஷம், அதனால் தேசிய தின விருந்தைப் பெரிதாகச் செய்யவேண்டும் என்று பேச்சு. தமிழில் என்ன பாட்டு என்று வந்தபோது எல்லாரும் சொன்னது 'முன்னேறு வாலிபா'தான். 1960களில் எஸ். ஜேசுதாசன் எழுதி இசையமைத்த பாட்டு அது. இங்கே சீனப் பிள்ளையைக் கேட்டாலும் மலாய்ப் பிள்ளையைக் கேட்டாலும் இரண்டு வரியாவது பாடும், எனக்கும் உயிர் அந்தப் பாட்டு. ஆனால் அறுபதாம் வருஷத்தில் புதிதாக ஒன்று இருக்கட்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன். "நீங்களே செய்யுங்களேன், செலவைப் பார்த்துக்கலாம்" என்றார் கூட்டத்தை நடத்தியவர். 1,500 வரைக்கும் தரலாம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, நான் தலையாட்டிவிட்டேன். கூட்டக் குறிப்பில் அந்தத் தொகை இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும், எவ்வளவு தருவார்கள், எதற்குத் தருவார்கள், எத்தனை விலைப்புள்ளி வாங்கவேண்டும், ரசீது யார் பெயரில் இருக்கவேண்டும், இந்த நாலையும் அன்று இரவே ஒரு மின்னஞ்சலில் எழுதி "சரிதானே?" என்று கேட்டு அனுப்பிவிடுங்கள். அவர்கள் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும்.

முதலில் நான் போன வழியே தப்பு. புதிதாக எழுதப் பயமாக இருந்தது, அதனால் 'கவுண்ட் ஆன் மீ, சிங்கப்பூர்' பாட்டை எடுத்து அதே மெட்டில் தமிழ் வரிகள் போட்டேன். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன், நன்றாகவே வந்தது, சொல்லும் தாளமும் அப்படிப் பொருந்தியது. ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதிரிக்கு ஒருமுறை பாடிப் பதிந்தும் வந்துவிட்டேன், 350 வெள்ளி. அதைக் கேட்ட ஒரு நண்பர், "பிரமாதம், யார்கிட்ட அனுமதி வாங்கினே?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. தேசப்பாட்டுதானே, எல்லாருக்கும் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பாட்டு 1986இல் ஹ்யூ ஹாரிசன் எழுதியது, உரிமை அரசாங்கத்திடம் இருக்கிறது. 2021இல் இதே பாட்டு ஊரின் பெயரை மட்டும் மாற்றி இந்தியாவில் பாடப்படுகிறது என்று தெரியவந்து பெரிய பேச்சானதும், அங்கே முதலில் அது தன்னுடையது என்று சொன்னவர் பிறகு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். நானும் அந்தச் செய்தியைப் படித்தவள்தான், அப்படியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு பாட்டில் இசைக்கு ஓர் உரிமை, வரிக்கு ஓர் உரிமை, பதிவான ஒலிக்குத் தனியாக ஓர் உரிமை. மொழிபெயர்ப்பதற்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். நிகழ்ச்சியில் பாட்டைப் போடுவதற்கும் பாடுவதற்கும், பாட்டு எழுதுகிறவர்கள், இசையமைக்கிறவர்களின் உரிமையைக் கவனிக்கும் கம்பாஸ் அமைப்பிடம் வாங்கும் உரிமம் வேறு, அது மொழிபெயர்ப்பு அனுமதி ஆகாது. முறையாகக் கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். நான் கேட்பதற்கு முன்பே பதிந்துவிட்டு, அப்புறம் கேட்கக் கூச்சப்பட்டு, மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். நீங்கள் செய்வதாக இருந்தால் கேட்டு, பதில் வந்தபிறகு எழுதுங்கள், இரண்டு மாதம் அதற்கென்றே ஒதுக்குங்கள்.

இன்னொரு யோசனையும் அப்போது ஓடியது. விருந்தைத் தொடங்கும்போது தேசிய கீதத்தைத் தமிழில் பாடினால் பெரியவர்களுக்கு நெகிழ்ச்சியாக இருக்குமே என்று. அதுவும் கூடாது. உறுதிமொழியை நான்கு மொழியிலும் சொல்லலாம், ஆனால் 'மாஜுலா சிங்கப்பூரா'வை மலாயில் மட்டும்தான் பாடவேண்டும், மொழிபெயர்ப்பில் பாடக்கூடாது என்பது விதி. முதலில் எனக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் 1948இல் இங்கே பிறந்தவர். சாய்வு நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் ஸ்கூல் முடிக்கறதுக்குள்ள எத்தனை கீதத்துக்கு எழுந்து நின்னேன் தெரியுமா?" என்று விரலை மடக்கினார். சின்ன வகுப்பில் இங்கிலாந்து ராணிக்கு. 1959 டிசம்பரில் 'மாஜுலா சிங்கப்பூரா' வந்தது, அப்போது அவருக்குப் பதினொரு வயது. 1963 செப்டம்பரில் மலேசியாவோடு சேர்ந்தபோது 'நெகாராக்கூ'. 1965 ஆகஸ்டில் பிரிந்ததும் மறுபடியும் 'மாஜுலா'. பதினேழு வயதுக்குள் மூன்று கீதம். "ஒவ்வொரு தடவையும் நாங்க அதே ஆளுங்கதான்மா, அதே திடல், அதே வாத்தியார், பாட்டு மட்டும் மாறிச்சு. கடைசியா இது நின்னப்போ, இதை இனிமே மாத்த வேணாம்னு இருந்துச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்கு இந்தக் கீதம் பிறந்ததிலிருந்து இருப்பது, காலை வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு பாடியது. அவருக்கு அது வந்து, தள்ளி நின்று, திரும்பக் கிடைத்த ஒன்று. அதற்கு அப்புறம் தமிழில் பாடவில்லையே என்ற வருத்தம் எனக்குப் போய்விட்டது. அதற்கு இசையமைத்த ஸுபிர் சயித்தும் சுமத்திராவிலிருந்து 1928இல் இங்கே வந்தவர், என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து வந்த மாதிரி. எந்த மண்ணை மிதிக்கிறாயோ அங்கேயே வானத்தைத் தாங்கு என்று ஒரு மலாய்ப் பழமொழி உண்டு, ஸுபிர் சயித் அதைச் சொல்வாராம். வந்த இடத்தை ஊராக்கிக்கொண்ட மனிதர் போட்ட மெட்டுக்குத்தான் நாம் எல்லாரும் எழுந்து நிற்கிறோம்.

சரி, சொந்தமாகவே எழுதலாம் என்று ஏப்ரலில் உட்கார்ந்தேன். முதல் வரைவு இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. தாய்மண், வீரம், குருதி, பகைவர், பொன் விளையும் வயல் எல்லாம் இருந்தது, படித்தபோது எனக்கே புல்லரித்தது. அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாருக்கு. எந்த ஊரைப் பத்தி?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கேட்டது சரி. சிறு வயதிலிருந்து காதில் விழுந்த தமிழ்த் தேசப்பாட்டுகள் எல்லாமே வேறு ஒரு நாட்டின் சுதந்திரப் போராட்டத்தில் பிறந்தவை, அந்தச் சொற்கள் தானாகக் கைக்கு வருகின்றன. வயலே இல்லாத ஊரில் உட்கார்ந்து வயலைப் பாடியிருக்கிறேன். தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நம் மொழி பழையது, நம் நாடு சின்னஞ்சிறியது, மொழி தன் போக்கில் நம்மை வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எடுத்து, இதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என்னுடைய வரைவில் தேறியது 'கடல்' ஒன்றுதான், அதுவும் தூரத்தில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே தெரிவது.

பத்து நாள் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. எங்களுடையது பழைய புளோக், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகித் துணி காயப்போடுவோம். நான் உள்ளே கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மாடி மக்சிக், அதாவது மலாய் அம்மா, கீழே எட்டிப் பார்த்து "ஹுஜான்! ஹுஜான்!" என்று கத்தினார், மழை என்று அர்த்தம். உடனே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது, எதிர் வரிசையில் ஒரு சீனப் பாட்டி அவர் மொழியில் கத்துகிறார், கழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன, டக் டக்கென்று இரும்புக் குழாயில் மூங்கில் இடிக்கிற சத்தம். நான் கழியை இழுக்கும்போது முதல் துளி கையில் விழுந்தது. இன்னொரு பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, அவர்கள் கழி எனக்கு எட்டாது, அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் கையை நீட்டி எப்படியோ பிடித்து அவர்கள் சட்டைகளைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. ஈரக் கையோடு உட்கார்ந்து பல்லவி எழுதினேன். "மழை வருதுன்னு ஒரு குரல், மாடியெல்லாம் பல விரல்" என்று ஆரம்பிக்கும். வீரம் என்ற சொல் எங்கேயும் இல்லை. சிங்கப்பூர் என்ற பெயரே கடைசி வரியில்தான் வரும். அப்பா படித்துவிட்டு, "இது நம்ம புளோக்" என்றார்.

மெட்டு போட ஒரு தம்பியைப் பிடித்தேன். திறமையான பையன், 900 வெள்ளிக்கு இசையமைத்துத் தந்தான். ஒலிப்பதிவுக்கு 480. பேச்செல்லாம் தொலைபேசியில்தான். இது பின்னால் எனக்கு எப்படி வந்து விடிந்தது என்று சொல்கிறேன், அதற்கு முன் ஒத்திகையைச் சொல்லவேண்டும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள், அதில் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது. வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டெழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், பெரிய தப்பு. 'ழ'வுக்கு இசட், எச் என்று போடுவதுதானே நம் வழக்கம், பிள்ளைகள் அதைப் பார்த்து 'மஸ்ஹை' என்று வாசித்தார்கள். குறில் நெடில் ஒன்றும் தெரியவில்லை, 'குரல்' 'கூரல்' ஆயிற்று. இரண்டு நாள் போராடிவிட்டு, பாட்டிலிருந்து 'மழை'யையே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அப்போது ஒன்பது வயதுச் சீனப் பையன் ஒருவன் பின்வரிசையிலிருந்து அட்டகாசமாக 'மழை' என்றான், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேரைவிடத் தெளிவாக. மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னான். "எப்படிப்பா வந்தது?" என்று கேட்டால், "ஆன்ட்டி, இது 'ரென்' மாதிரிதானே" என்றான். மாண்டரினில் மனிதன் என்பதற்கு ரென் என்பார்கள், அதன் முதல் ஒலி நாக்கை மேலே வளைத்துச் சொல்வது, நம் ழகரத்துக்கு அப்படியே பக்கத்தில் இருக்கிறது. சீனப் பிள்ளைகளிடம் ரென் என்று சொல்லவைத்து, அந்த நாக்கை அங்கேயே நிறுத்தி மழை சொல்லச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. மலாய்ப் பிள்ளைகளுக்கு 'ர'வும் 'ற'வும் எளிதாக வந்தது, ழ கடைசிவரை கொஞ்சம் வழுக்கியது, பரவாயில்லை என்று விட்டேன். நான் எடுக்க நினைத்த சொல்லைத்தான் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் பாடினார்கள். அதனால் சொல்கிறேன், தாளை நம்பாதீர்கள். ஒவ்வொரு வரியையும் மெதுவாக ஒருமுறை, பாட்டின் வேகத்தில் ஒருமுறை சொல்லிக் கைப்பேசியில் பதிந்து பெற்றோருக்கு அனுப்புங்கள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

சுருதியிலும் அடி வாங்கினேன். பாட்டை எனக்கு வசதியான உயரத்தில் பதிந்திருந்தோம், அனுபல்லவியில் பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள், கழுத்து நரம்பு தெரிந்தது. தேசிய கீதத்தையே 2001இல் ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு இறக்கியிருக்கிறார்கள், சாதாரண மக்கள் பாட வசதியாக இருக்கட்டும் என்று. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பின்னணி இசையை இறக்கி மறுபடி பதிய 250 வெள்ளி. பதிவுக்குப் போகும் முன்பே மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு வெறும் குரலில் பாடவைத்துப் பார்த்திருக்கவேண்டும், காசில்லாத வேலை அது.

ஜூலை இரண்டாம் வாரம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. நிகழ்ச்சி நேரம் போதவில்லை, உங்கள் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றார்கள். இரண்டாம் சரணம் போயிற்று. அதே வாரம் செலவுக் கணக்கைக் கொடுத்தேன். மாதிரிப் பதிவு 350, இசை 900, ஒலிப்பதிவு 480, மறுபதிவு 250, பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் பிரதியும் 190, ஆக 2,170. விலைப்புள்ளி வாங்காமல் செய்ததால் 600க்கு மேல் தரமுடியாது என்று பதில் வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னதும் சரிதான், என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல், பாட்டு ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது என்று ஒரு பெற்றோர் அனுப்பினார். இசையமைத்த தம்பி தன் பக்கத்தில் தன் பெயரில் போட்டிருந்தான், வரிகள் யாருடையது என்ற பேச்சே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "அக்கா, மியூசிக் என்னோடதுதானே?" என்றான். நான் காசு கொடுத்தேனே என்றேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன், மூன்று பேருந்தை விட்டுவிட்டேன், அன்று போல நான் தனியாக உணர்ந்ததில்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இசையை ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலும் உரிமை செய்தவருக்குத்தான், வேறு மாதிரி எழுதி ஒப்பந்தம் போட்டால் ஒழிய. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவு, ஒளிப்படம், காணொளி போன்றவற்றுக்கும் இதையே சொல்கிறது. வரிகள் மட்டும் என்னுடையவை. அவற்றுக்கும் ஆதாரமாக என்னிடம் இருந்தவை தேதியோடு அப்பாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்தான், நல்லவேளை அவர் எதையும் அழிக்கவில்லை. ஒரு மாலை அந்தத் தம்பியை நேரில் பார்த்தேன். சண்டை போடவில்லை, அவனுக்கும் வளரவேண்டும் என்ற ஆசை, எனக்குப் பிள்ளைகள் தடையில்லாமல் பாடவேண்டும் என்ற கவலை. ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வரி என்னுடையது, இசை அவனுடையது, எங்கே போட்டாலும் இரண்டு பெயரும் வரும், பள்ளிகளும் வட்டார நிகழ்ச்சிகளும் காசில்லாமல் பாடலாம். இருபது நிமிடம் ஆயிற்று. இதை ஏப்ரலில் முதல் காசு கொடுக்கும் முன் செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 2 சனிக்கிழமை விருந்து. பிள்ளைகள் சிவப்புச் சட்டையில் நின்றார்கள். ஒன்றரை நிமிடம்தான். "மழை வருதுன்னு" என்று ஆரம்பித்ததும் முன் மேசையில் இருந்த மக்சிக்குக்குப் பொருள் புரியவில்லை, பக்கத்தில் இருந்த அப்பா அவர் காதில் "ஹுஜான்" என்றார். அவர் கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று விம்மிக்கொண்டிருந்தேன், அதற்கு மேல் அந்த இரவில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

பக்கத்து புளோக் பெண்ணுக்கு நேற்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். இறக்கிய சுருதியில் பின்னணி இசை, வரிக்கு வரி பதிந்த குரல், கையெழுத்துப் போட்ட தாளின் நகல், என் செலவுக் கணக்கு. அவள் புதிதாகவே எழுதட்டும், அவள் ஜன்னலிலிருந்து தெரிவது வேறு, அங்கே கட்டட வேலை நடக்கிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. எழுதி முடிக்க நேரமில்லாவிட்டால் எங்கள் பாட்டையே எடுத்துக்கொள், ஆனால் இரண்டாம் சரணத்தையும் சேர்த்துப் பாடவை, அதை இன்னும் யாரும் மேடையில் பாடவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.